வக்கீல் ஃபீஸை எப்படிக் கணக்கில் வைப்பது? பட்ஜெட் 3 லட்சம், செலவு 11.40 லட்சம்

#1 கோவை கணக்குப்பிள்ளை

வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரியில் கணக்குப் பார்க்கிறேன். பிரைவேட் லிமிடெட், வருஷ விற்பனை 14 கோடிக்குப் பக்கம். பம்புக்கும் மோட்டாருக்கும் காஸ்டிங் போடுகிறோம். சட்டப் பிரிவு என்று தனியாக ஒன்றும் கிடையாது. நோட்டீஸ் வந்தால் நான்தான் உறையைப் பிரிப்பேன். புரியவில்லை என்றால் படம் எடுத்து வக்கீலுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புவேன். எங்கள் லீகல் டிபார்ட்மென்ட் அவ்வளவுதான்.

2025-26க்கு லீகல் சார்ஜஸ் தலைப்பில் 3 லட்சம் பட்ஜெட் போட்டிருந்தேன். மார்ச் 31 அன்று லெட்ஜரைத் திறந்தால் 11,40,000 நிற்கிறது. முதலாளி பார்த்துவிட்டுக் கேட்டார்: "கோக்கு கரி வெலை ஏறுனா முன்னாடியே சொல்ற. கரண்டுக்குச் சொல்ற. வக்கீலுக்கு மட்டும் ஏன் எப்பவும் திடுக்குன்னு வந்து நிக்கற?" என்னிடம் பதில் இல்லை.

செலவு இப்படிப் போயிருக்கிறது. உள்ளூர் வக்கீலுக்கு ரீடெய்னர், அதாவது மாதாமாதம் கொடுக்கும் நிலையான ஃபீஸ், வருஷத்துக்கு 1,20,000. லேபர் கோர்ட்டில் ஒரு வழக்கு, 90,000. ஜிஎஸ்டி நோட்டீஸ், பதிலில் தொடங்கி அப்பீல் போட்டது வரை 2,10,000. அரசுத் துறை உத்தரவு ஒன்றை எதிர்த்து ஹைகோர்ட்டில் ரிட், அதில் சீனியர் வக்கீல் ஆஜரானதற்கு 3,00,000. மீதி 4,20,000 புனே.

புனே கதை இது. அங்கே ஒரு பார்ட்டி 38 லட்சம் பாக்கி வைத்தார். குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்க மன்றத்தில் மனு போட்டோம், தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அதுவரைக்கும் பெரிய செலவில்லை. ஜெயித்த பிறகுதான் செலவே ஆரம்பித்தது. அவர் சொத்தெல்லாம் அங்கே இருப்பதால் நிறைவேற்று மனுவும் அங்கேதான் போட வேண்டும். அந்த ஊர் வக்கீல், ரயில், லாட்ஜ் என்று போய்க்கொண்டே இருக்கிறது. இப்போது அந்தப் பார்ட்டி, காஸ்டிங்கில் குறை என்று 22 லட்சம் கேட்டு எங்களுக்கே நோட்டீஸ் விட்டிருக்கிறார்.

என் யோசனை: இந்த வருஷம் மாதம் 75,000 வீதம் 'புரொவிஷன் ஃபார் லீகல்' (வக்கீல் செலவுக்கான ஒதுக்கீடு) என்று டேலி கணக்கு மென்பொருளில் ஜர்னல் போட்டுக்கொண்டே வந்தால் வருஷக் கடைசியில் 9 லட்சம் சேர்ந்திருக்கும். பில் வரும்போது அதில் கழித்துக்கொள்ளலாம், முதலாளிக்கும் அதிர்ச்சி இருக்காது. சரிதானே?

#2 லேத்பட்டறை

நானும் சின்ன முதலாளிதான், அதனால் உங்கள் முதலாளி பக்கம் பேசுகிறேன். புரொவிஷன் என்று எழுதி வைத்தால் சீனியர் ஃபீஸைக் குறைத்துக்கொள்வாரா?

#3 வைகைக்கரை சிஏ

கணக்குப்பிள்ளை சார், அந்த ஜர்னலைப் போடாதீர்கள். போட்டால் ஆடிட்டர் மார்ச்சில் எடுக்கச் சொல்வார்.

உங்கள் கம்பெனிக்குப் பொருந்துவது ஏஎஸ் 29 என்ற கணக்கியல் தரநிலை. அதன்படி ஒதுக்கீடு காட்ட மூன்று வேண்டும்: ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றால் இன்றைக்கே உங்கள் தலையில் விழுந்த கடமை, பணம் வெளியே போக அதிக வாய்ப்பு, தொகையை நம்பகமாக மதிப்பிட முடிவது. வருகிற நவம்பரில் புனேயில் நடக்கப்போகும் வாய்தாவுக்கு இன்று நீங்கள் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை. வக்கீல் இன்னும் எழுந்து நிற்கவே இல்லை. நாளைக்கே பார்ட்டியோடு சமாதானம் ஆகிவிட்டால் அந்த வாய்தாவே கிடையாது. தொழிலை எதிர்காலத்தில் நடத்த ஆகும் செலவுக்கு ஒதுக்கீடு கூடாது என்று அந்த விதியே சொல்கிறது.

வருமான வரியிலும் அதை ஏற்க மாட்டார்கள். வருமோ வராதோ என்றிருக்கும் செலவை லாபத்தில் கழிக்க முடியாது.

ஆனால் செய்து முடித்த வேலைக்கு பில் வராமல் இருப்பது வேறு. மார்ச் 20ஆம் தேதி வக்கீல் வாதாடிவிட்டார், பில் மே மாதம் வருகிறது என்றால் அது மார்ச் செலவு. அதை எழுதியே ஆக வேண்டும். பில் எப்போது வந்தது என்பதைப் பார்க்காதீர்கள், வேலை எப்போது நடந்தது என்று பாருங்கள்.

#4 ஓஎம்ஆர் அக்ரூவல்

மேடம் சொல்வது நம் ஊர் விதிக்குச் சரி. ஆனால் நான் சென்னையில் ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கான கணக்கு மையத்தில் இருக்கிறேன். மாதக் கடைசியில் லீகல் அக்ரூவல் போடுவதுதான், அதாவது பில் வராத வக்கீல் செலவைக் கணக்கில் எழுதுவதுதான், என் வேலையே. அங்கே ஏஎஸ்சி 450 என்ற விதியின் கீழ், வழக்கு ஒன்றுக்கு இனி ஆகப்போகும் வக்கீல் செலவை முன்கூட்டியே சேர்த்து எழுதலாம், அல்லது ஆக ஆக எழுதலாம். கம்பெனி ஏதாவது ஒரு கொள்கையை எடுத்துக்கொண்டு வருஷா வருஷம் அதையே பின்பற்ற வேண்டும். ஆக, கணக்குப்பிள்ளை கேட்டது ஒன்றும் விபரீதமான கேள்வி இல்லை.

#5 வைகைக்கரை சிஏ

விபரீதம் என்று நான் சொல்லவில்லையே. ஆனால் அவர் பவுண்டரி கோயம்புத்தூரில் இருக்கிறது. நம் விதியில் அந்த இரண்டாவது வாசல் திறந்திருக்கவில்லை. உங்கள் கம்பெனி எந்தக் கொள்கையில் இருக்கிறது?

#6 ஓஎம்ஆர் அக்ரூவல்

ஆக ஆக எழுதுவதுதான். :) பெரும்பாலும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நாங்கள் செய்வது மேடம் சொன்ன 'நடந்த வேலை, வராத பில்' மட்டும். மாதக் கடைசி வாரத்தில் ஒவ்வொரு வக்கீல் நிறுவனத்துக்கும் மெயில் போகும்: இந்த மாதம் செய்து இன்னும் பில் போடாத வேலை எவ்வளவு? பதில் வராதவர்களுக்கு நாங்களே கடந்த மூன்று மாதச் சராசரியைப் போட்டுவிடுவோம். அடுத்த மாதம் முதல் தேதி அந்தப் பதிவைத் திருப்பி எழுதி நீக்கிவிடுவோம். ஆறு வருஷமாக இதைச் செய்கிறேன். ஒரே மெயிலில் பதில் சொன்ன நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

#7 ஈரோடு மஞ்சள்

என் ஆடிட்டர் வேறு மாதிரி சொன்னார். ரோட்டார்க் கன்ட்ரோல்ஸ் வழக்கு, சென்னைக் கம்பெனிதான், 2009ல் உச்ச நீதிமன்றம் வாரண்டிக்கு ஒதுக்கிய தொகையை வரியில் கழிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. எந்த வால்வு பழுதாகும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் பழைய கணக்கைப் பார்த்துச் சதவீதம் போட்டார்கள். அதே மாதிரி எந்தப் பார்ட்டி ஏமாற்றுவான் என்று தெரியாது, ஆனால் வருஷத்துக்கு ரெண்டு பேர் ஏமாற்றுவான். அதற்கு ஏன் ஒதுக்கக் கூடாது?

#8 வைகைக்கரை சிஏ

நல்ல கேள்வி, ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரோட்டார்க் பொருளை விற்கும்போதே வாரண்டி கொடுத்துவிட்டது. விற்பனை முடிந்த நாளிலேயே கடமை பிறந்துவிட்டது, தொகை மட்டும்தான் தெரியாது. உங்கள் வக்கீல் விஷயத்தில் கடமையே பிறக்கவில்லை. வழக்குப் போடுவதா வேண்டாமா என்பது இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் விருப்பத்தால் தவிர்க்க முடிகிற செலவைக் கடன் என்று ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்டில்) எழுத முடியாது.

வரி பற்றிப் பேச்சு வந்ததால் எங்கள் ஊர்க் கதை ஒன்று. மதுரை மீனாட்சி மில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: தொழிலுக்குத் தடை போடும் அரசு நடவடிக்கையை எதிர்த்து சிவில் வழக்கு நடத்த ஆன செலவு, மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால், தொழில் செலவுதான். கணக்குப்பிள்ளை சாரின் ரிட் செலவு அந்த நிழலில் நிற்கும். ஜெயிப்பும் தோல்வியும் அதற்குத் தேவையில்லை. நிலம் வாங்கி, பட்டாவில் உள்ள குறையைச் சரிசெய்யப் போடும் வழக்கு என்றால் வேறு கதை. உரிமையை உண்டாக்கவோ குறை நீக்கவோ ஆன செலவு மூலதனம், தொழிலைக் காக்க ஆன செலவு வருவாய் இனம், அதாவது அந்த வருஷச் செலவு என்று டால்மியா ஜெயின் வழக்கில் 1971ல் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். லெட்ஜரில் எல்லாவற்றையும் ஒரே 'லீகல் சார்ஜஸ்' என்று கொட்டினால் இந்தக் கோடு தெரியாமல் போய்விடும்.

#9 பழைய பேரேடு

நான் நூற்பாலையில் 34 வருஷம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி, விதியெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த 11,40,000க்கான வவுச்சர்களை எடுத்து மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டே இரண்டு பார்க்க வேண்டும். ஒன்று, இது உண்மையிலேயே வக்கீலுக்குப் போன காசா? இன்னொன்று, அவர் வேலை செய்த தேதி என்ன?

எனக்கென்னவோ அந்த ஜிஎஸ்டி 2,10,000 மேல் சந்தேகமாக இருக்கிறது. ஒரு ஜிஎஸ்டி நோட்டீஸுக்குக் கோயம்புத்தூரில் அவ்வளவு வாங்க மாட்டார்கள்.

#10 வாய்தா

பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நான் வக்கீல். இந்தப் பேச்சில் எதிர்க்கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'கணிக்கவே முடியாது' என்று எல்லாரும் சொல்கிறீர்கள். பாதிதான் உண்மை. ஒரு வழக்கு எத்தனை நாள் இழுக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. எத்தனை கட்டம் இருக்கிறது என்று சொல்ல முடியும். நோட்டீஸ், மனு தயாரிப்பு, தாக்கல், இடைக்கால மனு, சாட்சி, குறுக்கு விசாரணை, வாதம், அப்பீல். நீங்கள் வாய்தாவுக்கு இவ்வளவு என்று பேசினால் தள்ளிவைக்கிற ஒவ்வொரு நாளும் உங்கள் செலவு. கட்டத்துக்கு இவ்வளவு என்று பேசினால் தள்ளிப்போவது என் தலைவலி. என்னிடம் வரும் கம்பெனிக்காரர்கள் பத்தில் எட்டுப் பேர் முதல் நாள் ஃபீஸை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். மீதியைக் கேட்கக் கூச்சமோ என்னவோ. ஒரு பக்கக் கடிதமாகக் கேளுங்கள், தருவோம். தராதவரிடம் போகாதீர்கள்.

சிலர் 'ஜெயித்தால் பத்து பர்சென்ட்' என்று பேரம் பேசுவார்கள். அது இந்தியாவில் வக்கீலுக்குத் தடை. வழக்கின் முடிவைப் பொறுத்த ஃபீஸ் பேசவும் கூடாது, கிடைப்பதில் பங்கு கேட்கவும் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் 'ஜெயித்த பிறகு கொடுத்தால் போதும், இப்போது கணக்கில் வேண்டாம்' என்ற நிலைமை உங்களுக்கு வரவே கூடாது.

கோர்ட் ஃபீயைத் தயவுசெய்து எதிர்பாராத செலவில் சேர்க்காதீர்கள். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு 2017 வரை மதிப்பில் 7.5 சதவீதமாக இருந்தது, அதற்கப்புறம் 3. கால்குலேட்டரில் போட்டால் வந்துவிடும். வழக்குச் சமாதானத்தில் முடிந்தால் அந்தக் காசு திரும்பவும் வரும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் உண்டு என்று 2021ல் உச்ச நீதிமன்றம் நம் ஹைகோர்ட் எடுத்த நிலையை உறுதிசெய்தது. திரும்பக் கேட்காமலே விட்ட கட்சிக்காரர்களை எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் லெட்ஜரில் அது ஃபீஸோடு கலந்து கரைந்துவிட்டது.

#11 ஈரோடு மஞ்சள்

கடிதம் தருவோம் என்கிறீர்கள். எனக்கு வாய்த்தவர் ரசீதே தரவில்லை. குமாஸ்தாவுக்கு 5,000, ஜூனியருக்கு 8,000, சீனியரைப் பார்க்கும் அன்றைக்கு 20,000, எல்லாம் ரொக்கம். கேட்டால் 'அது அப்படித்தான்'. சண்டை போட்டு வக்காலத்தை மாற்றினேன். பழைய வழக்குக் கட்டு திரும்பக் கைக்கு வர ஐந்து மாதம்.

#12 வைகைக்கரை சிஏ

ஒரே நாளில் ஒரே நபருக்கு 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு வரிக்கு மொத்தமாக அடிபடும். அந்த 20,000த்தைச் செலவாகக் காட்டியிருக்கவே முடியாது. வங்கி வழியாகக் கொடுங்கள், இல்லையென்றால் ஃபீஸுக்கு மேல் அதற்கு வரியும் கட்டுகிறீர்கள்.

#13 கோவை கணக்குப்பிள்ளை

பேரேடு ஐயா, நேற்று ராத்திரி வவுச்சர்களைப் பரப்பினேன். இனி என்னைத் திட்டலாம்.

ஜிஎஸ்டி 2,10,000த்தில் 1,35,000 வக்கீலுக்குப் போகவில்லை. அப்பீலுக்கு முன்வைப்புத் தொகை, அதாவது அப்பீல் போட முன்கூட்டியே கட்டும் டெபாசிட். டிமாண்ட், அதாவது துறை கேட்கும் வரி, 13,50,000, அதில் 10 சதவீதம். வக்கீல் ஆபீஸில் இருந்து சலான் வந்ததால் எங்கள் பையன் லீகல் சார்ஜஸில் போட்டுவிட்டான். நானும் பார்க்கவில்லை.

சீனியர் 3,00,000: பில் தேதி 12.5.2025. ஆஜரான தேதி மார்ச் 2025. அதாவது அது போன வருஷத்துச் செலவே இல்லை, அதற்கு முந்தின வருஷத்துடையது.

அப்படிப் பார்த்தால் 2025-26க்கு உண்மையில் 7,05,000தான். அதிலும் ரீடெய்னர் 1,20,000 தெரிந்த செலவு. லேபர் கோர்ட்டும் ஓரளவு தெரிந்ததுதான்.

#14 பழைய பேரேடு

திட்டவெல்லாம் இல்லை. எங்கள் மில்லில் நானும் ஒரு தடவை டெபாசிட்டைச் செலவில் எழுதியிருக்கிறேன். அப்பீல் ஜெயித்துப் பணம் திரும்ப வந்தபோது 'இது என்ன வருமானம்' என்று ஒரு வாரம் தேடினோம்.

#15 வைகைக்கரை சிஏ

முன்வைப்புத் தொகை திரும்ப வரக்கூடிய சொத்து. அதை எடுத்து ஐந்தொகையில் டெபாசிட் பக்கம் வையுங்கள். அப்பீல் தோற்று, இனி மேலே போவதில்லை என்று முடிவெடுத்தால் அப்போது வரிச் செலவாக மாறும். ட்ரிப்யூனலுக்குப் போனால் இன்னும் 10 சதவீதம் கட்ட வேண்டியிருக்கும், அந்தக் காசையும் இப்போதே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த டிமாண்டை வரக்கூடிய பொறுப்பு என்று கணக்கோடு சேரும் குறிப்பில் காட்ட வேண்டும். ஃபீஸோடு இதற்குச் சம்பந்தமில்லை.

புனே பார்ட்டி கேட்கும் 22 லட்சமும் அப்படித்தான். கொடுக்க வேண்டிவரும் என்று வக்கீல் நினைக்கிறாரா, வாய்ப்பு உண்டு என்கிறாரா, வெறும் மிரட்டல் என்கிறாரா? முதலாவது என்றால் ஒதுக்கீடு, இரண்டாவது என்றால் குறிப்பு, மூன்றாவது என்றால் ஒன்றும் வேண்டாம். எழுத்தில் வாங்குங்கள்.

சீனியர் பில்லை முந்தைய ஆண்டு இனம் என்று தனியாகக் காட்ட வேண்டியிருக்கும், ஏஎஸ் 5. கூச்சமாகத்தான் இருக்கும், காட்டுங்கள்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மன்றம் தீர்ப்பில் கொடுத்த வட்டியை வருமானமாக எழுதிவிட்டீர்களா? வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி என்று பார்த்தால் 38 லட்சத்துக்கு நல்ல தொகை வரும், கை அரிக்கும்.

#16 கோவை கணக்குப்பிள்ளை

எழுதவில்லை மேடம். முதலாளி எழுதச் சொன்னார். அசலே வரவில்லை, வட்டிக்கு வரி கட்டணுமா என்று கேட்டதும் விட்டுவிட்டார்.

#17 லேத்பட்டறை

நடுவில் ஒரு சந்தேகம். வக்கீல் பில்லில் ஜிஎஸ்டியே போடுவதில்லையே, அப்போ ஜிஎஸ்டி கிடையாதுதானே?

#18 வைகைக்கரை சிஏ

உண்டு, நீங்கள் கட்ட வேண்டும். வக்கீலிடமிருந்து சட்டச் சேவை வாங்கும் வணிக நிறுவனம்தான் ரிவர்ஸ் சார்ஜில் 18 சதவீதம் செலுத்த வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்தே அப்படித்தான். சீனியர் வக்கீலுக்கும் அதேதான். கையில் இருக்கும் ஜிஎஸ்டி வரவை (இன்புட் கிரெடிட்) வைத்து ஈடுகட்ட முடியாது, ஜிஎஸ்டி தளத்தின் ரொக்கப் பேரேட்டிலிருந்துதான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு தகுதி இருந்தால் வரவாக எடுத்துக்கொள்ளலாம். அதனால் பெரும்பாலான கம்பெனிக்கு இது செலவில்லை. ஆனால் 3 லட்சம் பில் வந்தால் 54,000 ரொக்கம் அந்த மாதம் வெளியே போகும். பணவோட்டக் கணக்குப் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் எத்தனை வருஷமாகக் கட்டவில்லை என்று இங்கே எழுத வேண்டாம், உங்கள் ஆடிட்டரிடம் போங்கள்.

#19 லேத்பட்டறை

போகிறேன். இன்றைக்கே போகிறேன்.

#20 ஓஎம்ஆர் அக்ரூவல்

இப்போது எண் கொஞ்சம் சுத்தமாகிவிட்டது. இனி லெட்ஜரைப் பிரிப்பது பற்றி. அமெரிக்க வக்கீல் பில்களில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறியீடு இருக்கும். எல் 100 என்றால் வழக்கை எடைபோடுவது, எல் 200 விசாரணைக்கு முந்தைய மனுக்கள், எல் 300 ஆவணப் பரிமாற்றம், எல் 400 விசாரணை, எல் 500 அப்பீல். இதனால் என்ன லாபம் என்றால், ஐந்து வருஷம் கழித்து 'நம் வழக்குகளில் எந்தக் கட்டம் காசைத் தின்கிறது' என்று ஒரு பட்டனில் தெரியும். எங்கள் கம்பெனியில் பாதிக்கு மேல் ஆவணப் பரிமாற்றத்துக்கே போனது. அதைப் பார்த்த பிறகுதான் அந்த வேலையை வெளியே கொடுக்காமல் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேருக்கு வேலை கிடைத்தது.

உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். டேலியில் வழக்குக்கு ஒரு காஸ்ட் சென்டர் (தனிச் செலவுத் தலைப்பு) போதும். வவுச்சரின் விவரத்தில் வாய்தா சார் சொன்ன கட்டத்தின் பெயரை எழுதுங்கள்.

#21 வாய்தா

டிடிஎஸ்ஸை, அதாவது கொடுக்கும்போதே வருமான வரியைப் பிடித்துக் கட்டுவதை, யாரும் பேசவில்லை. ஒரு வக்கீலுக்கு வருஷத்தில் 50,000க்கு மேல் போனால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும், 2025 ஏப்ரலுக்கு முன் அந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. பழைய சட்டத்தில் பிரிவு 194ஜே. 2026 ஏப்ரலில் இருந்து புதிய வருமான வரிச் சட்டம், எண்ணெல்லாம் மாறிவிட்டது. பிடிக்காமல் விட்டால் செலவில் 30 சதவீதம் வரிக்கு ஏற்கப்படாது. மார்ச் கடைசியில் பில் வராத வேலைக்கு அக்ரூவல் போடுகிறீர்களே, யாருக்கு என்று தெரிந்தால் அதற்கும் பிடிக்க வேண்டும். 'பில்லே இல்லை, எதற்கு டிடிஎஸ்' என்ற வாதம் ஆபீசரிடம் எடுபடாது. நானே என் கட்சிக்காரருக்காக வாதாடித் தோற்றிருக்கிறேன், அந்தத் தோல்விக்கான ஃபீஸுக்கும் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்.

#22 ஈரோடு மஞ்சள்

இன்னொரு கேள்வி. இப்போதைய வக்கீல் ஒரே தொகையாகப் பேசிவிட்டார், தொடக்கம் முதல் தீர்ப்பு வரை 2 லட்சம், மொத்தமும் முன்பணம். கேஸ் நாலு வருஷம் ஓடும் போலிருக்கிறது. முழுதும் இந்த வருஷச் செலவா?

#23 வைகைக்கரை சிஏ

இல்லை. நடக்காத வேலைக்குக் கொடுத்தது முன்பணம். கட்டம் முடிய முடியச் செலவுக்கு மாற்றுங்கள்.

#24 பழைய பேரேடு

மேடம், புத்தகப்படி சரி. ஆனால் கொடுத்த காசு திரும்ப வருமா? வழக்கு நாளைக்கே வாபஸ் ஆனாலும் ஒரு ரூபாய் திரும்பாது. நானாக இருந்தால் கொடுத்த அன்றே செலவு எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பேன். நாலு வருஷம் ஐந்தொகையில் 'வக்கீல் முன்பணம்' என்று தூக்கிச் சுமப்பதில் என்ன பெருமை?

#25 வைகைக்கரை சிஏ

தொகை சின்னதாக இருந்தால் நானும் விட்டுவிடுவேன், ஐயா. ஆனால் 'திரும்ப வராது' என்பது அளவுகோல் இல்லையே. வருஷ இன்ஷூரன்ஸ் பிரீமியமும்தான் கேட்டால் முழுசாகத் திரும்பாது, அதை முன்கூட்டிச் செலுத்தியது என்று பிரிக்கிறோம் இல்லையா? டிடிஎஸ் மட்டும் கொடுக்கும் அன்றே முழுத் தொகைக்கும்.

#26 பழைய பேரேடு

சரி, ஈரோட்டுக்காரர் அவர் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். நான் மாறப்போவதில்லை.

கோயம்புத்தூர் தம்பிக்கு வருகிறேன். உங்கள் முதல் பதிவில் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் குழைத்திருக்கிறீர்கள். கணக்கில் ஒதுக்குவது ஒன்று, காசை ஒதுக்கி வைப்பது ஒன்று. டேலியில் மாதம் 75,000க்கு ஜர்னல் போட்டால் லாபம் குறையும். ஆனால் வங்கியில் ஒரு பைசா கூடாது. சீனியர் பில் வரும் அன்று ஓடி ஓவர்டிராஃப்டில்தான் எடுப்பீர்கள். அதையே திருப்பிப் போடுங்கள். கணக்கில் ஒன்றும் எழுதாமல், மாதம் பிறந்ததும் ஒரு தொகையைத் தனி எஃப்டிக்குத் தள்ளுங்கள். லாபநட்டக் கணக்குக்கு அது தெரியவே தெரியாது, மேடமும் சண்டைக்கு வர மாட்டார். எங்கள் மில்லில் போனஸுக்கும் வழக்குக்கும் இப்படித் தனித்தனியாக வைத்திருந்தோம். போனஸ் கணக்கில் கை வைக்க யாருக்கும் தைரியம் வராது. வழக்குக் கணக்கில் மட்டும் பஞ்சு விலை இறங்கும்போதெல்லாம் கை வைப்பார்கள். அதனால் இரண்டு பேர் கையெழுத்து இருந்தால்தான் எடுக்க முடியும் என்று வைத்தேன்.

எவ்வளவு தள்ளுவது என்பதற்கு ஐந்து வருஷ லெட்ஜரை எடுங்கள், இன்றைக்குச் செய்த மாதிரி சுத்தம் செய்யுங்கள். பக்கத்திலேயே இன்னொரு வரிசையில் அந்தந்த வருஷம் 90 நாளுக்கு மேல் நின்ற பாக்கியையும் எழுதிப் பாருங்கள். எங்கள் மில்லில் வக்கீல் செலவு எகிறின ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு வருஷம் முன்னால் பாக்கி எகிறியிருந்தது.

#27 வாய்தா

ஆமாம். என்னிடம் வரும் வசூல் வழக்குகள் எல்லாமே வருவதற்கு ஒரு வருஷம் முன்பே யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் சிவப்பு நிறத்தில் இருந்தவைதான்.

#28 ஓஎம்ஆர் அக்ரூவல்

பேரேடு ஐயா, இதைத்தான் எங்கள் ஆபீஸில் மூன்று பேர் சேர்ந்து மாடல் என்று ஒரு வருஷம் செய்தார்கள்.

#29 கோவை கணக்குப்பிள்ளை

பத்து நாள் ஆயிற்று, செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லா வக்கீலுக்கும் ஒரே கடிதம் அனுப்பினேன், ஆடிட்டர் எப்படியும் மார்ச்சில் கேட்கும் கடிதம்தான், கூட இரண்டு கேள்வி சேர்த்தேன். மார்ச் 31 வரை செய்து பில் போடாத வேலை எவ்வளவு? இந்த வருஷம் எந்தெந்தக் கட்டம் வரும், அதற்கு எவ்வளவு? உள்ளூர் வக்கீல் மறுநாளே பதில் தந்தார்: 22 லட்சம் நோட்டீஸுக்குப் பதில் தயாரித்ததற்கு 15,000 பாக்கி. அந்த நோட்டீஸ் மிரட்டல்தான், மன்றத்தில் இதே குறையைச் சொல்லித் தோற்றவர் என்றும் எழுதியிருக்கிறார். புனேக்காரர் மூன்று போனுக்கு அப்புறம் சொன்னார், மார்ச்சில் இரண்டு வாய்தா, 40,000. ஆக 55,000 அக்ரூவல், டிடிஎஸ்ஸும் ஏப்ரல் 30க்குள் கட்டிவிட்டேன். 2025-26 கடைசியாக 7,60,000த்தில் நின்றது. முந்தைய ஆண்டு இனமாக 3,00,000 தனி வரியில்.

ஐந்து வருஷம் சுத்தம் செய்ததில் வந்தது இது: 1.90, 2.60, 2.20, 6.10, 7.60 லட்சம். நாலாவது வருஷத்தில் அந்த ரிட் இருக்கிறது. பாக்கி வரிசையையும் எழுதினேன். புனே பார்ட்டி 2023 தீபாவளிக்கு முன்பே 180 நாள் தாண்டியிருக்கிறார். அப்போது நான்தான் 'பழைய பார்ட்டி, கொடுத்துடுவார்' என்று முதலாளியிடம் சொன்னேன். அந்தத் தாளை அவரிடம் காட்டும்போது அந்த வரியைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டினேன், ஆனால் அவர் அங்கேயேதான் நிறுத்தினார்.

இந்த வருஷத்துக்குத் தெரிந்தது ரீடெய்னர் 1,20,000. கட்டக் கடிதங்களின்படி லேபர் கோர்ட் 60,000, ஜிஎஸ்டி அப்பீல் 50,000, புனே 2,50,000. ரிட் இறுதி விசாரணைக்கு வந்தால் இன்னொரு 3,00,000, வராவிட்டால் இல்லை. பட்ஜெட்டில் 4,80,000 போட்டு, ரிட்டை அடிக்குறிப்பாக எழுதினேன். எஃப்டிக்கு மாதம் 40,000 கேட்டேன், முதலாளி 30,000க்கு ஒத்துக்கொண்டார். இரண்டு கையெழுத்துக்கு முதலில் முறைத்தார். அப்புறம் ஒன்று அவருடையது, இன்னொன்று வீட்டு அம்மாவுடையது என்று முடிவானது.

முதல் 30,000 நேற்றுப் போய்விட்டது. இன்று காலை புனேயிலிருந்து மெசேஜ்: எதிர்க்கட்சி வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, வாய்தா ஜூலைக்குத் தள்ளிப்போகிறது. கட்டக் கணக்கில் பேசியிருப்பதால் இதற்குத் தனியாக ஃபீஸ் இல்லையே என்று கேட்டேன். ஃபீஸ் இல்லையாம். ரயில் டிக்கெட் கேன்சல் சார்ஜ் மட்டும் எங்களுடையதாம்.